மாட்டு வைத்தியர் மானைத் தொட்ட கதை

மாட்டு வைத்தியர் நாட்ராயனுக்கு மருந்து பாதி, வாய் பாதி என்று ஊரில் சொல்வார்கள்.

எருதைக் கயிறு போட்டுச் சாய்த்ததும் அதன் காதருகே குந்திக்கொள்வார். "என்ன ராசா, நேத்து தண்ணியே குடிக்கலையாமா? உங்க வீட்டுக்காரன் ஏதாச்சும் சொன்னானா?" என்று ஆரம்பித்தாரென்றால் ஊர்க்கதை உறவுக்கதை எல்லாம் வரும். ஒரு கை கழுத்தைத் தடவும். இன்னொரு கை புண்ணிலிருக்கும் புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். எருது அந்தப் பேச்சில் சொக்கிப்போய்ப் படுத்த வாக்கிலேயே அசைபோடும். நாற்பது வருஷம் இப்படியே ஓடியது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத மாடு இல்லை.

அவரைத்தான் பட்டியம்மா ஒருநாள் ஆள் விட்டு அழைத்தாள்.

மலையடிவாரத்தில் மான் பட்டி வைத்திருந்தவள் அவள். எந்தக் காலத்திலோ ஒரு பாளையக்காரர் விட்டுப்போன நாலு புள்ளிமான் பெருகி, இப்போது அறுபதுக்கு மேல் நின்றது. வருஷா வருஷம் தானாக உதிரும் கொம்புகளைப் பொறுக்கி மருந்து செய்கிறவர்களுக்குக் கொடுப்பாள். அதில் பட்டி நடந்தது. ஞானம் கேட்டும் அவளிடம் ஆட்கள் வருவார்கள். மானுக்குத் தழை நறுக்கிக்கொண்டே பதில் சொல்வாள். சில பேரிடம் தழை நறுக்கும் வேலையைக் கொடுத்துவிட்டுப் பதிலே சொல்ல மாட்டாள். வயது நாற்பதுதான். நாட்ராயனுக்கு மகள் மாதிரி.

ஒரு பெண்மானுக்கு விலாவில் புண். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது.

நாட்ராயன் வந்து பார்த்தார். மானும் நாலு கால் சீவன்தானே என்று நினைத்தார். வலை போட்டுப் பிடித்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டிச் சாய்த்தார். தலைமாட்டில் குந்தினார். "பயப்படாத கண்ணு, மாமன் வந்துட்டேன் பாரு" என்றார். கழுத்தைத் தடவித் தடவிப் பேசினார். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் புண்ணுக்குள் விட்டார். மூச்சு முட்டி மேலே வந்த புழுக்களை அவசரப்படாமல், ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எடுத்தார். அத்தனை சுத்தமான வேலை! அவர் பேசி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

கட்டை அவிழ்த்தார். மான் எழுந்தது. நாலு எட்டு வைத்தது. பொத்தென்று விழுந்தது.

"எந்திரி கண்ணு," என்றார் நாட்ராயன்.

அது எழவில்லை. அவர் தூக்கி நிறுத்தப் போனபோது தலை தொங்கிவிட்டது.

பட்டியம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. குழி தோண்டச் சொன்னாள். நாட்ராயனுக்கு இலை போட்டுச் சோறு வைத்தாள். அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஊருக்குப் போனவர் அதற்குப்பிறகு ஒரு மாட்டையும் தொடவில்லை. இடுக்கியைக் கையில் எடுத்தாலே விரல் நடுங்கியது. கூப்பிட வந்தவர்களிடம், "எனக்கு வயசாயிப்போச்சு, வேற ஆளப் பாருங்க" என்றார். வேறு ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. அது அவருக்கும் தெரியும், கேட்டு வந்தவர்களுக்கும் தெரியும்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். தூக்கம் வந்தால்தானே! துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு மான் பட்டிக்கே வந்து நின்றார்.

"அம்மா, உங்க சீவனக் கொன்னுபோட்டேன். என்னால ஆனது இந்தப் பட்டியக் கூட்டிட்டுக் கெடக்கறேன். தொரத்தீராதீங்க."

"வெளக்குமாறு அந்த மூலையில இருக்குதுங்க, வைத்தியரே," என்றாள் பட்டியம்மா.

"அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடாதீங்கம்மா."

"எனக்கு வேற பேரு தெரியாதுங்களே."

அன்றிலிருந்து நாட்ராயன் அவளுக்குச் சீடர். புழுக்கை அள்ளினார், தண்ணீர் இறைத்தார், தழை ஒடித்து வந்தார். மானை மட்டும் பத்தடி தள்ளி நின்றே பார்த்தார். விடிந்ததும் அம்மா முன்னால் வந்து கும்பிடுவார். "பாவம் பண்ணினவனுக்கும் உக்கார எடம் குடுத்துச் சோறு போடறீங்களே தாயே, இந்த நன்றிய நான் எந்தப் பொறப்புல..." என்று தொடங்குவார்.

"தொட்டியில தண்ணி இல்லீங்க," என்பாள் அம்மா.

நாட்ராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்குவார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மனிதருக்கு அதைக் கேட்டே வயிறு நிறைந்துவிடும். ஊரில் எல்லாரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். இவள் ஒருத்திதான் வேலை சொன்னாள்.

மூன்று மாதம் போனபிறகு ஒருநாள் வாய்விட்டுக் கேட்டார்.

"அம்மா, அன்னைக்கு நான் என்ன தப்புப் பண்ணுனேன்? மருந்துல கொறையில்ல. கையில கொறையில்ல. அந்தச் சீவன் ஏன் செத்துச்சு?"

பட்டியம்மா தழை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நீங்க காட்டுவழி நடந்து போறீங்க. ஒரு புலி வந்து உங்களப் புடிக்குது. கையக் காலக் கட்டி மடியில போட்டுக்குது. போட்டுக்கிட்டு உங்க தலையத் தடவுது. பயப்படாத கண்ணு, மாமன் வந்துட்டேன் பாருங்குது. மத்தியானம் வரைக்கும் தடவுது. நீங்க என்ன ஆவீங்க?"

நாட்ராயன் யோசித்தார்.

"செத்துப் போயிருவேனுங்கம்மா."

"அதுவும் அப்படித்தானுங்க."

"நான் பிரியமாத்தானுங்களே தடவுனேன்?"

"புலிக்கும் பிரியம் இருக்கலாமுங்க," என்றாள் அம்மா.

நாட்ராயன் அன்று தழைக் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது மாதிரி இருந்தது. வந்து நிறைய சாப்பிட்டார்.

கோடை மழை இரண்டு தடவை பெய்தது. ஈ பெருத்துவிட்டது. ஆண்மான்கள் கொம்போடு கொம்பு முட்டிக்கொள்ளும் பருவம். மூளிக்காதன் என்று ஒரு பெரிய ஆண்மான் அங்கே உண்டு. ஒரு காது நுனி சின்ன வயதிலேயே கிழிந்து போனதால் அந்தப் பெயர். அது மந்தையை விட்டுத் தனியாக நின்றது. வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் உதறி உதறி நக்கியது.

நாட்ராயன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். காற்று இந்தப் பக்கம் அடித்தபோது நாற்றமும் வந்தது. அந்த நாற்றம் அவருக்குத் தெரியாதா? ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அம்மா, மூளிக்காதனுக்குத் தொடையில கொம்பு குத்திப் புழு வெச்சிருச்சு. ரெண்டு நாள் விட்டா எலும்பு வரைக்கும் போயிரும். அப்புறம் காலும் போச்சு, சீவனும் போச்சு. ஒரு வைத்தியரக் கூப்புடுங்க!"

"கூப்புட்டாச்சுங்க. எதுத்தாப்பல நிக்கறாரு."

"வேண்டாமுங்கம்மா. என் கை நடுங்கும்."

"நடுங்கட்டும். வாய் சும்மா இருந்தாப் போதும்."

அவர் மறுத்து ஏதோ சொல்வதற்குள் அம்மா உள்ளே போய் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்தாள். பக்கவாட்டில் ஆழமாக ஒரு குழி தோண்டினாள். ஒரு பிடி அரிசியை அதில் திணித்தாள்.

"எடுங்க. ஒரு பேச்சுப் பேசாம எடுக்கோணும்."

நாட்ராயன் இடுக்கியை வாங்கினார். கை வெடவெடவென்று ஆடியது. பூசணிக்காய்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மனசுக்குள் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். வெளியே நன்றாகவே கேட்டது. அவர் எடுத்திருந்த இரண்டு அரிசியையும் அம்மா திரும்ப உள்ளே தள்ளினாள்.

மறுபடி எடுத்தார். பத்து அரிசி வந்தது. பதினொன்றாவது வழுக்கியது. "வாடா ராசா, எங்க போயிருவ?" என்றார். பத்தும் உள்ளே போனது.

மறுபடி. இந்தத் தடவை கடைசி அரிசி வரைக்கும் வந்துவிட்டார். சந்தோஷம் தாங்காமல், "பாத்தீங்களாம்மா!" என்றார்.

பட்டியில் வேலை செய்யும் மருதாயி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாட்ராயனுக்கு வந்த கோபத்தில் பூசணிக்காயைத் தூக்கி எறிந்திருப்பார். அம்மா சிரிக்கவில்லை. கருமமே கண்ணாக அரிசியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு, ஒரு சொல் சிந்தாமல் குழி காலியானது. நாற்பது வருஷத் தொழிலில் அவ்வளவு களைப்பை அவர் பார்த்ததில்லை.

"இன்னொண்ணுங்க," என்றாள் அம்மா. "என் கை மானோட நெஞ்சு மேல இருக்கும். அது தாங்காத மாதிரி நெஞ்சு அடிச்சா வெரலத் தூக்குவேன், தூக்குனா வுட்டரோணும்."

"புழு மிச்சம் இருந்தா?"

"இருந்தாலும்."

"அதெப்படீங்கம்மா? பாதியில வுட்டா அது வைத்தியமுங்களா?"

"மான் மிச்சம் இருக்கோணுமுங்களே," என்றாள்.

காலை வெயில் ஏறும் முன்பே எல்லாம் தயாரானது. கற்பூரம் கரைத்த எண்ணெய், அரைத்த சீத்தா இலை, மஞ்சள், சுற்றிலும் தடவ வேப்பெண்ணெய் எல்லாம் ஒரு தட்டில் வரிசையாக இருந்தன. தினமும் தீனி வைக்கும் இடத்துக்குப் போக ஆள் உயரப் படல் கட்டிய ஒரு சந்து உண்டு. மூளிக்காதன் பழகிய வழி என்று நொண்டிக்கொண்டே உள்ளே வந்தது. மருதாயியும் அவள் புருஷன் சென்னியும் இரண்டு பக்கமும் படலைச் சாத்தினார்கள். கறுப்புக் கம்பளி ஒன்று அதன் மேல் விழுந்தது. கண்ணின் மேல் ஈரத்துணி விழுந்தது. சாய்க்கவில்லை, காலைக் கட்டவில்லை. வயிறு தரையில் பட, தலை நிமிர்ந்தபடியே அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் மூச்சுக் காட்டவில்லை.

அம்மா கம்பளிக்குள் கையை விட்டு அதன் நெஞ்சில் வைத்தாள். தலையை அசைத்தாள்.

நாட்ராயன் எண்ணெயை விட்டார். புண்ணுக்குள் புழு குபுகுபுவென்று அசைந்தது. ஒன்று, ஐந்து, பத்து என்று இடுக்கி போய்ப் போய் வந்தது. "அவ்வளவுதான் கண்ணு, அவ்வளவுதான்" என்ற பேச்சு தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார். அடுத்த பேச்சு வந்தது. அதையும் விழுங்கினார். வாய்க்குள் அவ்வளவு பேச்சு இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கிக்கொண்டே வேலை செய்தது.

அம்மா விரலைத் தூக்கினாள்.

உள்ளே இன்னும் ஒரு கொத்துப் புழு இருந்தது. அவர் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. இன்னும் நாலு எடுப்பு எடுத்தால் முடிந்துவிடும். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். விரல் இறங்கவில்லை. இடுக்கி தானாகப் புண் பக்கம் போனது. பெண்மான் நாலு எட்டு வைத்து விழுந்தது அவர் கண்முன் வந்தது. இடுக்கியைக் கீழே வைத்தார். அரைத்த இலையை மேலே அப்பினார். கம்பளி விலகியது. படல் திறந்தது. மூளிக்காதன் மூன்று காலில் தாவிக்கொண்டு மந்தைக்குள் போய்விட்டது.

அன்று முழுக்க நாட்ராயனுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. தெரிந்தே புழுவை உள்ளே விட்டு வந்த வைத்தியரை உலகத்தில் பார்த்திருக்கிறீர்களா? வேலி ஓரமாகவே உட்கார்ந்து கிடந்தார். மத்தியானம் மான் நின்றது. சாயங்காலம் ஒரு வாய் தழை கடித்தது.

"தின்னுதுங்கம்மா! தின்னுது!" என்று ஓடிவந்தார்.

"நீங்களும் தின்னுங்க," என்று இலையைப் போட்டாள் அம்மா.

ஒருநாள் விட்டு ஒருநாள் பிடித்தார்கள். இரண்டாம் தடவையில், விட்டுப்போன கொத்து வந்தது. மூன்றாம் தடவை ஆழத்தில் ஒளிந்திருந்த ஏழெட்டு வந்தன. ஒவ்வொரு தடவையும் அம்மா விரலைத் தூக்கியதும் அவர் கை நின்றது. நாலாம் தடவை துணியால் ஒற்றிப் பார்த்தார். புழு இல்லை, நாற்றம் இல்லை. அடியில் செக்கச்செவேல் என்று புதுச்சதை. மருந்தை வைத்து விட்டுவிட்டார்.

படலைத் திறந்து மானை அனுப்பியபிறகு மருதாயி சொன்னாள்: "ஏனுங்கய்யா, இன்னைக்கு உங்க கை நடுங்கவே இல்லீங்களே."

நாட்ராயன் தன் கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அப்படியே அம்மா காலடியில் விழுந்தார்.

"எனக்குக் கை குடுத்தீங்க தாயே! செத்த கைக்கு உசிரு குடுத்தீங்க!"

"எந்திரிங்க. சேறு," என்றாள் அம்மா.

அவருக்குச் சேறாவது ஒன்றாவது! அன்று பட்டியிலிருந்த அத்தனை மானுக்கும், மரத்துக்கும், மருதாயிக்கும், அந்தப் பூசணிக்காய்க்கும்கூட நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தார். பூசணிக்காயை மருதாயி ஏற்கனவே கூட்டு வைத்துவிட்டாள். அதைச் சாப்பிட்டுவிட்டு அதற்கும் ஒரு நன்றி சொன்னார்.

இருபது நாள் ஆயிற்று. புண் மூடி மயிர் முளைக்கத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து பொங்கியண்ணன் வந்தார். நாட்ராயனுக்குப் பக்கத்து நிலத்துக்காரர்.

"நாட்ராயா, மழையில மாட்டுக்கெல்லாம் குளம்புல சேத்துப்புண்ணு. எங்க செவலைக்குப் புழுவே வெச்சிருச்சு. ஊர்ல பன்னண்டு மாடு நிக்கமுடியாம கெடக்குது. நீ வந்தாத்தான் ஆச்சு."

நாட்ராயன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்தக் கை அம்மா குடுத்த கை, பொங்கியண்ணா. இனிச் சாகற மட்டும் இந்தப் பட்டிக்குத்தான் ஒழைக்கும். நடுவுல வுட்டுப்போட்டு வந்தா என்னைவிட நன்றிகெட்டவன் உண்டா?"

"அப்ப மாடு?"

நாட்ராயனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"பொழுது சாயற வரைக்கும் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் பொங்கியண்ணன் புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

செவலை கன்றாக இருந்தபோது கொப்பூழில் வைத்த புழுவை எடுத்ததே நாட்ராயன்தான். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. மூளிக்காதனைப் போய்ப் பார்த்தாலாவது ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. மடி நிறைய நெல்லிக்காய் எடுத்துக்கொண்டு மந்தைப் பக்கம் போனார். நாற்பது வருஷத்தில் அவர் குணமாக்கிய மாடுகள் அவரைக் கண்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து கையை நக்கும். இதுவும் சீவன்தானே, ஒரு பார்வையாவது பார்க்காதா?

பார்த்தது. தலையைத் தூக்கி ஒரே ஒரு கணம் பார்த்தது. அடுத்த கணம் பட்டியின் நடுவே ஓடும் ஓடையை ஒரே தாவாகத் தாவி அந்தக் கரைக்குப் போய்விட்டது. அங்கேயும் நிற்கவில்லை. புதருக்குள் புகுந்து மறைந்தது.

நாட்ராயன் நெல்லிக்காயோடு அப்படியே நின்றார். பிறகு மெதுவாக நடந்து அம்மாவிடம் வந்தார். அவள் தழை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க வைத்தியரே, முகம் வாடிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்கம்மா." உட்கார்ந்தார். மடியிலிருந்த நெல்லிக்காயைத் தரையில் கொட்டினார். "அந்த மூளிக்காதன் இருக்குதே, அதுக்கு நன்றிங்கற ஒண்ணே கெடையாதுங்கம்மா. நாலு தடவ சோறு தண்ணி இல்லாம பாத்தேன். என் வாயவே கட்டிப்போட்டேன். இன்னைக்கு என்னைக் கண்டதும் ஓடுது! நான் ஒரு நாளும் அப்படி இருக்க மாட்டேன். உங்க காலடிய வுட்டு நான் நகர மாட்டேன், ஆமா."

"ஓடுச்சுங்களா?"

"ஓடுச்சுங்க. ஓடையத் தாண்டி ஒரே தாவு."

அம்மாவின் அரிவாள் நின்றது.

"எந்தக் கால ஊனித் தாவுச்சு?"

நாட்ராயன் வாயைத் திறந்தார். நினைத்துப் பார்த்தார். ஈரமண்ணில் குளம்பு பதிந்தது, தொடை இறுகியது, உடம்பு முழுக்க அந்த ஒரு காலில் எழும்பியது எல்லாம் கண்முன் வந்தது.

"வலது பின்னங்காலுங்கம்மா. புண்ணு வந்த கால்தானுங்க."

"நல்லா ஊனுச்சுங்களா?"

"நல்லா ஊனுச்சுங்க." கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. "ரொம்ப நல்லா ஊனுச்சுங்கம்மா."

பட்டியம்மா அரிவாளைக் கீழே வைத்தாள். புளியமரத்தடியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்த பொங்கியண்ணனை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாட்ராயனைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க எப்போ ஓடப்போறீங்க, வைத்தியரே?"